புலம்பெயர்வைப் படிப்பது: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ராமநாதபுரத்தில் பி.ஏ. பொருளாதாரம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பா சவூதியில் வேலை செய்கிறார். புலம்பெயர்வு பற்றி முதுகலை படிக்க ஆசை. பிரிட்டனில் அதற்கென்றே படிப்பு இருக்கிறது, ஆனால் பெரிய கடன் வாங்க வேண்டும். வீட்டில் வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார்கள். "இதெல்லாம் ஒரு படிப்பா?" என்கிறார் மாமா. சொந்த வீட்டுக் கதையை ஆராய்ச்சி என்று சொல்லலாமா என்ற தயக்கம் எனக்கும் இருக்கிறது.

ந.

அன்புள்ள ந.,

மாமாவுக்குக் கேரளத்தைக் காட்டுங்கள். திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் கே.சி. சக்கரியாவும் எஸ். இருதயராஜனும் 1998-இல் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கினார்கள். 10,000 வீடுகளுக்கு ஆள் அனுப்பி, யார் வெளிநாட்டில் இருக்கிறார், யார் திரும்பி வந்துவிட்டார், வந்த பணம் எதற்குப் போனது என்று கேட்டார்கள். ஏறத்தாழ 13.6 லட்சம் பேர் வெளிநாட்டில் இருப்பதாகக் கணக்கு வந்தது. அந்த ஆய்வு இன்றுவரை திரும்பத் திரும்ப நடக்கிறது. தமிழ்நாட்டில் 2015-இல்தான் அதுபோல ஒன்று நடந்தது. வெளியே போனவர்கள் சுமார் 22 லட்சம் என்றது அது.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. ஊரில் இருக்கும் வீட்டில்தான் கேள்வி கேட்க முடியும். குடும்பத்தோடு கிளம்பிப் போய்விட்டால் வீடு பூட்டிக் கிடக்கும், பதில் சொல்ல ஆளில்லை. அவர்களை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? இந்த மாதிரிக் கேள்விக்கு ஆர்வம் மட்டும் போதாது, புள்ளியியல் தெரிய வேண்டும். அதனால்தான் கடன் வாங்கி இப்போதே பிரிட்டன் போக வேண்டாம் என்கிறேன். முதலில் ஒரு கருவியைக் கையில் எடுத்துப் பழகுங்கள். கணக்கெடுக்கத் தெரிய வேண்டும், அல்லது சட்டம் தெரிய வேண்டும், அல்லது பழைய ஆவணத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். பொருளாதார மாணவருக்கு மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நல்ல இடம். வெளிநாடு அப்புறம், உதவித்தொகையோடு.

சட்டம் ஏன் என்றால், பாஸ்போர்ட்டைப் பாருங்கள். பத்தாவது முடிக்காதவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக, 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும். பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர்., அதாவது 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்று சொல்வது இதைத்தான். ஏமாற்றப்படாமல் காக்க வந்த ஏற்பாடு. ஆனால் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. ஏஜெண்டுகள் விசிட் விசாவில் ஏற்றிவிடுகிறார்கள். யாருக்காகச் சட்டம் வந்ததோ அவரே அதற்கு வெளியே நிற்கிறார். இதைக் கண்டு எனக்கு ஆறாத கோபம் உண்டு.

உங்கள் மாவட்டத்திலேயே மண்டபம் இருக்கிறது. தோட்ட வேலைக்கு இலங்கை போனவர்களை நிறுத்தி மருத்துவச் சோதனை செய்ய, சிலோன் அரசு நம் கரையில் நடத்திய முகாம் அது. 1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்பதாகக் கையெழுத்தானது. அப்படி வந்தவர்கள் தாயகம் திரும்பியோர், இந்தியக் குடிமக்கள். 1983-க்குப் பிறகு படகில் வந்தவர்கள் அகதிகள். அவர்களிலும் மலையக வம்சாவளியினர், அதாவது தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள், பலர் இருக்கிறார்கள். தாத்தா கூலியாகப் போனார், சித்தப்பா குடிமகனாகத் திரும்பினார், பேரன் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. இதை எழுத ஒரு ஆயுள் போதாது. அதற்கு ராமநாதபுரத்தில் வளர்ந்தவரைவிட யார் வேண்டும்?

சொந்த வீட்டில் தாராளமாகத் தொடங்கலாம். அப்பாவைவிட அம்மாவிடம் அதிகம் கேளுங்கள். ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது, எந்த நகை அடகுக்குப் போனது, எப்போது மீண்டது, பணம் வராத மாதம் அடுப்பு எப்படி எரிந்தது. இதையெல்லாம் தேதியோடு எழுதி வையுங்கள். பிறகு அதே கேள்விகளோடு பக்கத்துத் தெருவுக்குப் போங்கள். உங்கள் வீட்டில் இல்லாத பதில் அங்கே கிடைக்கும்போதுதான் ஆராய்ச்சி தொடங்கும்.

வங்கித் தேர்வுக்குப் படிப்பதையும் இப்போது நிறுத்த வேண்டாம். அந்தக் கணக்குப் பயிற்சி முதுகலை நுழைவுத் தேர்வுக்கும் உதவும், வீட்டிலும் கொஞ்சம் நிம்மதியாக இருப்பார்கள்.