கண்ணாடி பாதியில் நிற்கிறதா? மோட்டாரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் மில் நடத்தும் வாசகர் ஒருவரின் கேள்வி: "கார் வாங்கி எட்டு வருசமாச்சுங்க. டிரைவர் பக்கக் கண்ணாடி நல்லா இறங்குது, ஏறும்போதுதான் திணறுது. மத்தியான வெயில்ல நாலஞ்சு தடவை ஏத்தி இறக்குனா பாதியிலயே நின்னுக்குது. கொஞ்ச நேரம் விட்டா மறுபடி ஓடுது. மோட்டாரை மாத்தோணும்ங்கறாங்க. மாத்தித்தான் ஆகோணுங்களா?"

அவசரப்பட வேண்டாம். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடுகிறதென்றால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது. பெரும்பாலான கண்ணாடி மோட்டார்களுக்குள் சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சின்ன உறுப்பு ஒன்று உண்டு. தோட்டத்து மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கும் ஓவர்லோடு ரிலே செய்கிற வேலைதான். அது ட்ரிப் ஆனால் ரிலேயையா குறை சொல்வோம்? லோடு ஏன் ஏறியது என்றுதானே பார்ப்போம்.

கதவுக்குள் இருப்பது 12 வோல்ட் டிசி மோட்டார். அதன் தண்டில் திருகு மாதிரி மரை போட்ட வார்ம் கியர், அதோடு சேர்ந்த ஒரு பல்சக்கரம். மோட்டார் சுற்றினால் பல்சக்கரம் சுற்றும். பல்சக்கரத்தைத் திருப்பி மோட்டாரைச் சுற்ற வைக்க முடியாது. மூடிய கண்ணாடியைக் கையால் அழுத்தி இறக்க முடியாததற்கு இதுதான் காரணம். அந்தச் சக்கரம், கண்ணாடியைத் தாங்கி ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரை இழுக்கும். சில கார்களில் அது கத்தரிக்கோல் மாதிரி விரியும் இரும்புக் கை. பல கார்களில் சிறு உருளையில் சுற்றிய எஃகு கேபிள். மோட்டாருக்குப் போவது பெரும்பாலும் இரண்டே ஒயர். சுவிட்சை மேலே தூக்கினால் ஒன்றில் பிளஸ், மற்றதில் எர்த். கீழே அழுத்தினால் இரண்டும் இடம் மாறும், மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும்.

இறங்கும்போது கண்ணாடியின் எடையே மோட்டாருக்கு உதவி. ஏறும்போது எடையையும் தூக்கி, கண்ணாடி ஓடும் இரு பக்க ரப்பர் சேனலின் உரசலையும் மீற வேண்டும். நார் மில் வாசலில் நிற்கிற வண்டி என்பதால் என் சந்தேகம் முதலில் அந்தச் சேனல் மேல்தான். வெயிலில் ரப்பர் இறுகும், நார்த்தூள் உள்ளே அடையும். பல்லடம், திருப்பூர்ப் பக்கம் பஞ்சுத்தூசியும் இதே வேலையைச் செய்யும்.

இப்படிச் சோதியுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, வேறொருவரை சுவிட்சைத் தூக்கச் சொல்லி, கண்ணாடியின் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து மேலே தள்ளிக் கொடுங்கள். விரலை விளிம்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். சரசரவென்று ஏறினால் உரசல் கூடியிருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடியை முழுக்க இறக்கி, ஈரத்துணியை ஒரு தட்டைக் குச்சியில் சுற்றிச் சேனலுக்குள் விட்டு இழுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை துடைத்து, காயவிட்டு, சிலிக்கான் ஸ்ப்ரே அடியுங்கள். தேங்காய் எண்ணெயோ கிரீஸோ ரப்பரில் படவே கூடாது. ரெண்டு நாள் சுகமாக இருக்கும், அப்புறம் தூசியை இழுத்துப் பிடித்துக் களியாக்கிவிடும். ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். மோட்டார் விலையோடு பார்த்தால் அது பெரிய செலவில்லை.

இதற்குப் பிறகும் திணறினால் உள்ளே பார்க்கலாம். சுவிட்சை அழுத்தும்போது கேபின் விளக்கு லேசாக மங்கியும் கண்ணாடி அசையவில்லை என்றால் மோட்டார் வரை மின்சாரம் வருகிறது, மோட்டாரோ ரெகுலேட்டரோ இறுகியிருக்கிறது. விளக்கில் எந்த மாற்றமும் இல்லையென்றால் பியூஸ், சுவிட்ச், கதவுக் கீல் பக்க ரப்பர் குழாய்க்குள் ஓடும் ஒயர் என்று வரிசையாகத் தேட வேண்டும். கதவைத் திறந்து மூடும்போது விட்டுவிட்டு வேலை செய்தால் அந்த ஒயர்தான் ஒடிந்திருக்கும். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டு, கண்ணாடி மட்டும் சரிந்து விழுந்தால் கேபிள் அறுந்திருக்கலாம். அதற்கு ரெகுலேட்டரை மாற்ற வேண்டும்.

கடைசியில் மோட்டார்தான் என்று முடிவானாலும், கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடைக் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பலர் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான். திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை நார்த்தூள் அடைத்திருந்தால் கையோடு குத்திவிடச் சொல்லுங்கள்.