அம்பாசடருக்கு டைமிங் வைப்பது: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

இன்றைக்கு 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர் பற்றி மட்டும். டைமிங் என்றால், சிலிண்டருக்குள் ஸ்பார்க் எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்று அமைப்பது.

கேள்வி: அண்ணா, மார்க் 4 வண்டி. டைமிங் லைட் வாங்கிவிட்டேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: லைட்டை ஓரமாக வையுங்கள் தம்பி, முதலில் பாயிண்ட், அதாவது ஸ்பார்க்கைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை. ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் கொண்டுவாருங்கள். இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னே போகும், குறைந்தால் பின்தங்கும். டைமிங் வைத்தபிறகு பாயிண்ட்டைத் தொட்டால் முதல் வேலை வீண். அப்படியே டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் அதைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் எந்த டைமிங்கும் நிற்காது.

கேள்வி: சார், லைட் இல்லை. பல்பு வைத்துச் செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் மேலே வரவேண்டும். அப்போது நாலாவது சிலிண்டரின் வால்வுகள் இரண்டும் மாறும் நிலையில் இருக்கும். எஞ்சின் சுற்றும் திசையிலேயே புல்லியைத் திருப்பி, உங்கள் எஞ்சினுக்குரிய டிகிரிக்கு நேராகப் புல்லியின் குறியை நிறுத்துங்கள். 12 வோல்ட் பல்பின் ஒரு முனை டிஸ்ட்ரிபியூட்டர் டெர்மினலில், மறுமுனை பாடியில். இக்னிஷனைப் போட்டு டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினால், பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அங்கேயே கிளாம்ப்பை இறுக்குங்கள். மேலிருந்து பார்த்தால் ரோட்டர் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும். ஆகவே டிஸ்ட்ரிபியூட்டரைக் கடிகார திசையில் திருப்பினால் அட்வான்ஸ், அதாவது ஸ்பார்க் முன்னே போகும். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் ஸ்பார்க் விழும் வரிசை, 1-3-4-2.

கேள்வி: ஐடிலிங்கில் வேக்கம் பைப்பைக் கழற்றினேன், எந்த மாற்றமும் இல்லை. வேக்கம் யூனிட் போய்விட்டதா அண்ணா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். வேக்கம் யூனிட் என்பது பைப் வழியாக வரும் உறிஞ்சலால் ஸ்பார்க்கை முன்னே தள்ளும் டயாஃப்ரம் டப்பா. பைப் கார்புரேட்டரில் த்ராட்டில் தகட்டின் விளிம்பருகே எடுக்கப்பட்டிருந்தால், ஐடிலிங்கில் அங்கே வேக்கம் கிடையாது. ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்திய பிறகுதான் வரும். சோதிக்க டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பைப்பை வாயால் உறிஞ்சுங்கள். பாயிண்ட் இருக்கும் தட்டு நகர வேண்டும். நாக்கால் பைப் வாயை அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். மெல்லத் திரும்பினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. நகரவே இல்லையென்றால் தட்டு துருப்பிடித்திருக்கலாம். சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள்.

கேள்வி: மேடு ஏறும்போது எஞ்சின் தட்டுகிறது. மெக்கானிக் வேக்கம் பைப்பை அடைத்துவிடலாம் என்கிறார்.

பதில்: வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது வேக்கம் கிட்டத்தட்ட இருக்காது. தட்டலுக்கு அதைக் குறை சொல்லிப் பயனில்லை. அடிப்படை டைமிங் அதிகமா, டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளே வேகம் கூடக்கூட ஸ்பார்க்கை முன்னே தள்ளும் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்ததா என்று பாருங்கள். வேக்கத்தின் வேலை சமதளத்தில் ஒரே வேகத்தில் ஓடும்போதுதான். அப்போது சிலிண்டருக்குள் கலவை குறைவு, மெதுவாக எரியும், ஸ்பார்க் முன்கூட்டியே வர வேண்டும். அடைத்துவிட்டால் மைலேஜ் விழும், எக்ஸாஸ்ட் சூடேறும். அம்பாசடரில் பெட்ரோலை மிச்சம்பிடிக்க உள்ள ஒரே நல்ல சாதனத்தை ஏன் கொல்ல வேண்டும்?

கேள்வி: சார், லைட் வைத்துப் பார்க்கும்போது பைப் இருக்கலாமா?

பதில்: கழற்றி, கார்புரேட்டர் பக்க முனையை அடைத்துவிட்டு, ஐடிலிங்கைக் குறைத்துப் பாருங்கள். முடிந்ததும் மறக்காமல் மாட்டுங்கள். பிறகு மூன்றாவது கியரில் ஒரு மேட்டில் மிதித்துப் பாருங்கள். தட்டல் தொடர்ந்து கேட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்திலுள்ள சிறு திருகு நட்டை 'ஆர்' (ரிடார்ட், அதாவது பின்தள்ளுவது) பக்கம் கொஞ்சம் திருப்புங்கள்.