நெட் திறக்காத பழைய கம்ப்யூட்டரும் அதற்குள் மாட்டிக்கொண்ட மெயிலும்

கேள்வி: வணக்கமுங்க. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியம் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 2004-இல் வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கிறது, விண்டோஸ் எக்ஸ்பி. ஆன் பண்ணினால் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஒரு பக்கமும் திறப்பதில்லை. கடைக்காரத் தம்பி, ‘போர்டு போச்சுங்க சார், ஃபார்மேட் பண்ணி எக்ஸ்சேஞ்சில் குடுத்துருங்க, 1,500 ரூபாய் கழிச்சுக்கறேன்’ என்கிறார். மகன் ஷார்ஜாவில் இருந்தபோது எழுதிய மெயில் எல்லாம் அதில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற மெயில் மென்பொருளுக்குள் இருக்கிறது. கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் சார். மெயிலை வெளியே எடுக்கும்வரை அந்தப் பெட்டி வீட்டைவிட்டுப் போகக்கூடாது.

போர்டு போயிருந்தால் விண்டோஸே வந்திருக்காது. உங்கள் மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை, பக்கங்களைத் திறக்கும் பிரவுசரான எக்ஸ்ப்ளோரருக்குத்தான் வயதாகிவிட்டது. இன்று வங்கி, மெயில், ரயில் டிக்கெட் என எல்லாத் தளங்களும் பூட்டுப் போட்ட இணைப்பில்தான் பேசுகின்றன. அந்தப் பூட்டுக்கு டிஎல்எஸ் என்று பெயர். பெரும்பாலான இடங்களில் குறைந்தது 1.2 பதிப்பு கேட்பார்கள். எக்ஸ்பியில் போட முடிந்த கடைசி எக்ஸ்ப்ளோரர் 8-ஆம் பதிப்பு. அதற்கு டிஎல்எஸ் 1.0-க்கு மேல் தெரியாது. எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே கைகழுவிவிட்டது, எக்ஸ்ப்ளோரரின் கடைசிப் பதிப்பை 2022 ஜூனில். ஆக, அந்த மெஷினில் நெட் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள். ஆன் பண்ணும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறதா? அப்படியானால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. எந்தக் கடிகாரக் கடையிலும் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும், மாற்றுவது ஐந்து நிமிட வேலை. புதிய கம்ப்யூட்டரிலும் தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் ‘இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல’ என்று அடம்பிடிக்கும், ஏனென்றால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் காலாவதி நாளும் உண்டு. பல கடைகளில் இதற்கு ‘சாஃப்ட்வேர் பிராப்ளம்’ என்று பெயர் வைத்து முந்நூறு, ஐந்நூறு வாங்கிவிடுகிறார்கள்.

இனி மெயில். ‘மெயில்தானே, நெட்டில் எங்காவது இருக்கும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜிமெயில் 2004 ஏப்ரலில் 1 ஜிபி இடம் தருகிறேன் என்று வந்தபோது ஹாட்மெயில் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது 2 எம்பி, மெயிலை அங்கேயே சேர்த்து வைக்க இடம் போதாது. டயல்-அப் காலத்தில் நெட்டில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் போன் மீட்டர் ஓடும், வீட்டு போனும் எங்கேஜ்டாகக் கிடக்கும். அதனால் லைன் போட்டு, வந்ததை இறக்கிக்கொண்டு, லைனை வெட்டிவிட்டுத்தான் படிப்போம். பதிலை எழுதி அவுட்பாக்ஸில் போட்டு வைத்து, அடுத்த முறை லைன் போடும்போது அனுப்புவோம். இறக்கிய மெயிலை மெயில் கம்பெனியின் கம்ப்யூட்டரான சர்வரிலும் ஒரு பிரதி விட்டுவைக்கும்படி நாமே டிக் போட்டிருந்தால் ஒழிய, அது அங்கே அழிந்துவிடும். மகன் எழுதியதற்கு உலகத்திலேயே ஒரே பிரதி அந்த ஹார்டு டிஸ்கில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஃபார்மேட்’ என்ற பேச்சையே எடுக்க விடாதீர்கள்.

எடுக்கும் முறை இது. நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள். அவுட்லுக் எக்ஸ்பிரஸைத் திறங்கள். எப்போதாவது, குறிப்பாக மூடும்போது, ‘கம்பேக்ட் செய்யவா’ (மெயில் ஃபைல்களைச் சுருக்கவா) என்று ஒரு பெட்டி வந்தால் இப்போதைக்கு கேன்சல். அது நடுவில் கரண்ட் போய் நின்றால் மெயிலே காணாமல் போகலாம், நம் ஊர் கரண்டை நம்பி அந்த வேலையில் இறங்க வேண்டாம். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மெயின்டனன்ஸ், ஸ்டோர் ஃபோல்டர் என்று வரிசையாகப் போனால் மெயில் இருக்கும் ஃபோல்டரின் முகவரி தெரியும். அவுட்லுக்கை மூடிவிட்டு, அந்த ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் காப்பி பண்ணுங்கள். இன்பாக்ஸ், சென்ட் ஐட்டம்ஸ் என ஒவ்வொன்றுக்கும் டிபிஎக்ஸ் என்று முடியும் ஒரு ஃபைல் இருக்கும். இது காப்புப் பிரதி.

அடுத்து, டெஸ்க்டாப்பில் புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு, இன்பாக்ஸில் உள்ள மெயில்களைத் தேர்ந்தெடுத்து மவுஸால் அதற்குள் இழுத்து விடுங்கள். ஒவ்வொரு மெயிலும் இஎம்எல் என்று முடியும் தனி ஃபைலாகிவிடும். எத்தனை இழுத்தோம், எத்தனை விழுந்தது என்று எண்ணிப் பாருங்கள். புதிய கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டு என்ற இலவச மெயில் மென்பொருள் இவற்றைத் திறக்கும்.

மகன் தமிழில் எழுதியிருந்தால் இன்னொரு சிக்கல் வரும். அந்த நாளில் டிஸ்கி, டாப், டாம் என ஆளுக்கொரு எழுத்துமுறை இருந்தது. அந்தந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். ஆகவே விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் தமிழ் ஃபான்ட்களையும் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். பிறகு என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் கொடுத்தால் இன்றைய பொது எழுத்துமுறையான யூனிகோடாக மாறிவிடும். கிறுக்கலில், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் ® குறியும் திரும்பத் திரும்ப வந்தால் கதையே வேறு. அது யூனிகோடுதான், அவுட்லுக் எக்ஸ்பிரஸ் தப்பாகப் படிக்கிறது. அதன் வியூ மெனுவில் என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று மாற்றினால் தமிழ் வந்துவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகு எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுங்கள், ஆனால் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு. கடைக்காரர் அதற்காக 200 ரூபாய் குறைத்தாலும் பரவாயில்லை.

கேள்வி: நகரியில் தறிக் கணக்கு எழுதுகிறேன் சார். சென்னை ரிச்சி தெருவில் 9,000 ரூபாய்க்கு பழைய லேப்டாப் வாங்கினேன். விண்டோஸ் 7 இருக்கிறது. குரோம் திறந்தாலே ‘இனி அப்டேட் வராது’ என்கிறது, பேங்க் பக்கமும் சரியாக வரவில்லை. கடையில் ‘வித்தது வித்ததுதான்’ என்கிறார்கள். ஆந்திராவில் இருந்துகொண்டு சென்னைக் கடைமேல் கேஸ் போட முடியுமா?

பதில்: போட முடியும், அதுவும் உங்கள் மாவட்டத்திலேயே. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் இடத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். எல்லையோரத்தில் இருந்துகொண்டு அந்தப் பக்கம் போய்ச் சாமான் வாங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில் தராமல் இருப்பதும், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன நாளுக்குள், நாள் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் முறையற்ற வணிகம் என்று அதே சட்டம் சொல்கிறது.

ஆனால் உங்கள் வழக்கு நிற்குமா என்று கேட்டால் கொஞ்சம் சந்தேகம்தான். விண்டோஸ் 7 என்று தெரிந்தே வாங்கியிருந்தால், அது பழசாக இருப்பதைக் குறை என்று காட்டுவது கஷ்டம். 7-க்கு ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது, அதில் ஓடும் கடைசி குரோம் 109. ‘எல்லாத் தளமும் ஓடும்’ என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அதை அழிக்காதீர்கள், கையில் இருக்கும் நல்ல ஆதாரம் அதுதான். கேஸுக்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் பண்ணிப் பாருங்கள், தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

மாற்றித் தருகிறேன் என்று அவரே இறங்கி வந்தால், அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, உங்கள் பேங்க் லாகின் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டு எதுவும் அடிக்க வேண்டாம். பிரவுசரின் ‘அபௌட்’ பக்கத்தில் அப்டேட் ஓடுகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 என்று சொல்லி விற்றால் பிராசசரைக் கேளுங்கள்: இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் வேண்டும். அதற்குக் கீழே உள்ளதில் குறுக்குவழியில் ஏற்றித் தருகிறார்கள், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இப்போது கையில் உள்ள லேப்டாப்பில் தறிக் கணக்கு எழுதுங்கள், பணப் பரிமாற்றத்தை மட்டும் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வண்டிப்பெரியாற்றில் இருந்து எழுதுகிறேன். 2001-இல் தொடங்கிய யாஹூ மெயிலில் பத்திர நகல் அனுப்பி வைத்திருந்தேன். நாலைந்து வருடமாகத் திறக்கவில்லை. கிடைக்குமா?

பதில்: கஷ்டம்தான். 12 மாதம் தொடாத பெட்டியை யாஹூ காலி செய்துவிடும். கூகுள் இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்கையே நீக்குகிறது. ஒருமுறை திறந்து பாருங்கள், இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்குவதுதான் வழி. அந்த முகவரியை பேங்கிலோ ஆதாரிலோ கொடுத்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

கேள்வி: வண்டித்தாவளம் பக்கம் இருக்கிறோம் அண்ணா. மகள் எட்டாம் வகுப்பு. 2012-இல் வாங்கிய லேப்டாப், 4 ஜிபி ராம். புது விண்டோஸ் போட 3,500 கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம்மா. கேரள அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் வகுப்பே விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸில்தான் நடக்கிறது. அரசு நிறுவனமான கைட் அதற்கென்றே உபுண்டு என்ற லினக்ஸ் வகையை வைத்து ஒரு பதிப்பு தயாரித்து இலவசமாகத் தருகிறது. ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரே ஆஃபீஸும் அதிலேயே வரும். ஒரு பென் டிரைவை எடுத்துக்கொண்டு மகளின் பள்ளி ஐடி ஆசிரியரைப் பாருங்கள். 4 ஜிபியில் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். ஹார்டு டிஸ்குக்குப் பதில் 256 ஜிபி எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்கை மாட்டினால் வேகம் நன்றாகக் கூடும். பழைய டிஸ்கில் இருக்கும் போட்டோக்களை முதலில் எடுத்துவிடுங்கள், லினக்ஸ் போடும்போது ‘இரேஸ் டிஸ்க்’ என்று ஒரு கேள்வி வரும், ஆம் என்றால் டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.