சர்வர் மாறிய மறுநாள் ‘500’ பிழை: விபிஎஸ் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: ஈரோட்டில் போர்வை, துண்டு விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். வேர்ட்பிரஸில் அமைந்த எங்கள் இணையதளம் பல ஆண்டுகளாக ஒரே ஹோஸ்டிங் நிறுவனத்தில் இருக்கிறது. சென்ற வாரம் எங்கள் கணக்கைப் புதிய சர்வருக்கு மாற்றினார்கள். மறுநாள் காலையிலிருந்து எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘500 இன்டர்னல் சர்வர் எரர்’ என்றே வருகிறது. கேட்டால், ‘இந்தத் திட்டம் உங்கள் தளத்துக்குப் போதவில்லை, விபிஎஸ் (சர்வரில் உங்களுக்கென்று தனியாகப் பிரித்துத் தரும் பங்கு) எடுங்கள்’ என்கிறார்கள். அதற்குக் கட்டணம் மூன்று மடங்கு. எடுக்கலாமா?

பதில்: இப்போது எடுக்க வேண்டாம். சர்வர் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் பிழைப் பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

500 என்ற எண், கோரிக்கையை நிறைவேற்றும்போது சர்வருக்குள் ஏதோ தடைப்பட்டது என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. இடம் போதவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரே சர்வரைப் பலர் பயன்படுத்தும் பகிர்வு ஹோஸ்டிங்கில் ஒதுக்கிய அளவு தீர்ந்தால் பெரும்பாலும் 503 அல்லது 508 என்று வரும். அதுவும் கூட்டம் கூடும் நேரத்தில் வந்து, குறைந்ததும் விலகும். சர்வர் மாறிய மறுநாளே எல்லாப் பக்கங்களும் ஒருசேர நின்றுபோனால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அமைப்புக் கோப்புகளைத்தான்.

ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பக்கமான சிபேனலில் ‘எரர்ஸ்’ என்ற பகுதியைத் திறந்து, கடைசி வரிகளைப் படியுங்கள். ‘இன்வேலிட் கமாண்ட்’ (Invalid command) என்ற சொற்களும் அதை அடுத்து ‘பிஎச்பி வேல்யூ’ (php_value) என்பதும் தென்பட்டால் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. பக்கங்களை அனுப்பும் மென்பொருளான அப்பாச்சி சர்வருக்குள்ளேயே, வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பி ஒரு தொகுதியாக இயங்கிய பழைய அமைப்பில், நினைவக அளவு, பதிவேற்ற அளவு போன்றவற்றை ஹெச்டிஆக்சஸ் (.htaccess) என்ற அமைப்புக் கோப்பிலேயே எழுதி வைக்க முடிந்தது. இப்போது பரவலாக உள்ள பிஎச்பி-எஃப்பிஎம் முறையில் பிஎச்பி தனியாக இயங்குவதால், அந்த வரி அப்பாச்சிக்குப் புரியாத கட்டளையாகி, தளம் முழுவதையும் நிறுத்திவிடுகிறது. ஒரே ஒரு வரிதான், ஆனால் கடையையே மூடிவிடுகிறது.

சோதித்துப் பார்ப்பது எளிது. அந்தக் கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்குவதால் ஃபைல் மேனேஜரில் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. வலப்புற மேல் மூலையில் உள்ள செட்டிங்ஸில், மறைந்த கோப்புகளைக் காட்டும் பெட்டியில் முதலில் டிக் செய்யுங்கள். பின்னர் கோப்பை அழிக்காமல், பெயரை மட்டும் மாற்றிவிட்டுத் தளத்தைத் திறந்து பாருங்கள். முகப்பு திறந்தால் குற்றவாளி அதுவே. பழைய பெயரைத் திரும்ப வைத்து, பிஎச்பி வேல்யூ, பிஎச்பி ஃபிளாக் (php_flag) என்று தொடங்கும் வரிகளை மட்டும் நீக்குங்கள். அந்த அளவுகளைச் சிபேனலின் மல்டிபிஎச்பி ஐஎன்ஐ எடிட்டரில் கொடுத்துக்கொள்ளலாம்.

பதிவில் வேறு காரணம் இருக்கவும் கூடும். கோப்பு அனுமதி 777 என்று இருந்தால் சில சர்வர்கள் அதை இயக்க மறுக்கும். கோப்புகளுக்கு 644, கோப்புறைகளுக்கு 755 என்பதே வழக்கம். நினைவக எல்லையைத் தாண்டியதாக எழுதியிருந்தாலும், எல்லையை உயர்த்தித் தரும்படி முதலில் கேளுங்கள்.

நான் விபிஎஸ்ஸை அழுத்தமாகத் தடுப்பதற்குக் காரணம் உண்டு. அதே ஹெச்டிஆக்சஸ் கோப்பைச் சுமந்துகொண்டு போனால், அங்கும் பிஎச்பி-எஃப்பிஎம் இருக்கும்வரை அதே 500தான் வரும். மேலும், நிர்வாகச் சேவை சேராத விபிஎஸ்ஸில் சர்வரைப் புதுப்பிப்பது, பாதுகாப்பது, காப்புப்பிரதி எடுப்பது எல்லாம் உங்கள் பொறுப்பாகிவிடும். கடையையும் பார்த்துக்கொண்டு இதையும் பார்ப்பது பெரும் சுமை.

நிறுவனத்திடம் தொலைபேசியில் வாதாடாமல், ஆதரவு டிக்கெட்டில் எழுதிக் கேளுங்கள்: எந்த வளம், எந்த நேரத்தில், எவ்வளவு மீறப்பட்டது, அதற்கான பதிவு எங்கே? பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். கடைக்காக வாங்கிய சேவை ‘வணிக நோக்கம்’ கொண்டது, எனவே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் இருப்பதால், டிக்கெட், ரசீது, திட்ட விவரப் பக்கத்தின் படம் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள். இவற்றுக்கெல்லாம் முன்பு, தரவுத்தளத்தையும் கோப்புகளையும் இன்றே உங்கள் கணினிக்கு இறக்கிவிடுங்கள். தளம் திறக்காவிட்டாலும் சிபேனல் திறக்கும் வரை அவை உங்கள் கைக்கு எட்டும்.