கத்திரி பிடிக்க ஆள் வேண்டும்

கேள்வி: ராப் உலகின் லாரின் ஹில், நாஸ், ராக் குழுக்களான பாஸ்டன், கன்ஸ் அண்ட் ரோசஸ்... முதல் ஆல்பத்தில் உச்சம் தொட்டவர்கள் பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லையே. புகழ் தலைக்கேறியதுதானே காரணம்?

பதில்: லாரின் ஹில்லை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 1998-க்குப் பிறகு அவர் தனியாக ஸ்டுடியோ ஆல்பமே போடவில்லை. ஒற்றை ஆளை ஓடவிட்டு முதல் பரிசு கொடுப்பானேன்? போதாததற்கு, ஃபியூஜீஸ் குழுவோடு ஏற்கெனவே இரண்டு ஆல்பம் முடித்துவிட்டு வந்தவர் அவர்.

மற்றவர்கள் விஷயத்தில், தலைக்கனத்தைப் பழிக்குமுன் காலண்டரைப் பாருங்கள். பாஸ்டனின் டாம் ஷோல்ஸ், போலராய்டு கேமரா கம்பெனியில் இன்ஜினீயராக வேலை பார்த்துக்கொண்டே வீட்டு நிலவறையில் வருடக்கணக்கில் டெமோ பதிந்தவர். அப்படித் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியவைதான் 1976-இல் ஆல்பமாக வந்தன. இரண்டாவது, இரண்டே வருடத்தில் வந்துவிட்டது. முடிக்குமுன் ரெக்கார்டு கம்பெனி பிடுங்கிக்கொண்டது என்று அவரே குறைப்பட்டார்.

சரி, நேரம் கொடுத்தால் ஆயிற்றா? இல்லை. அவருடைய மூன்றாவது ஆல்பம் 1986-இல்தான் வந்தது. ஸ்டோன் ரோசஸ் ராக் குழு முதல் ஆல்பத்துக்கும் (1989) இரண்டாவதுக்கும் (1994) நடுவில், கோர்ட் வழக்கு உட்பட, ஐந்து வருடம் எடுத்துக்கொண்டது. இரண்டுமே முதலாவதை எட்டவில்லை.

முதல் ஆல்பம் என்று நாம் வாங்குவது பல வருடப் பாட்டுகளில் வடிகட்டி எடுத்த பத்துப் பன்னிரண்டு. வடிகட்டுவது யாரென்றால், சின்ன கிளப்பில் இவர்கள் பெயரே தெரியாமல் உட்கார்ந்திருக்கும் கூட்டம். முன்னிசை எட்டு பார் (தாளச் சுற்று) நீண்டால் பேச ஆரம்பித்துவிடுவார்கள். மறுநாள் அது நான்காகும். மூன்றாவது சரணம் இழுத்தால் அது போய்விடும். தேறாத பாட்டு அங்கேயே செத்துவிடும். பிரபலமான பிறகு கிதாரைத் தொட்டாலே கைத்தட்டல். அதை வைத்து எந்தப் பாட்டு சுமார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கன்ஸ் அண்ட் ரோசஸ் 1987-இல் போட்டது 12 பாட்டு. 1991-இல் ஒரே நாளில் இரண்டு ஆல்பம், 30 பாட்டு. வெட்டச் சொல்ல யாருமில்லை. அந்த முப்பதில் நின்ற ‘டோன்ட் க்ரை’கூட முதல் ஆல்பத்துக்கு முன்பே எழுதியது.

நாஸின் முதல் ஆல்பம் (1994) அறிமுகத்தையும் சேர்த்துப் பத்தே உருப்படி, சுமார் 40 நிமிடம். ஆனால் வேகமாக விற்றுத் தீர்ந்தது 1996-இல் வந்த இரண்டாவதுதான். எனவே ‘உச்சம்’ என்று நீங்கள் சொல்வது தரமா, விற்பனையா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கம் ரேடியோஹெட் என்ற ராக் குழு. 1993-இல் வந்த முதல் ஆல்பத்தை அவர்களின் சிறந்தது என்று யாரும் சொல்வதில்லை. 1996-இல் பாடகி அலானிஸ் மோரிசெட்டின் கச்சேரிகளில் அவருக்கு முன்னால் வாசிக்கும் குழுவாக மேடையேறி, வேறொருவருக்காக டிக்கெட் வாங்கிய கூட்டத்தின் முன் புதுப் பாட்டுகளை வாசித்துப் பார்த்தார்கள். ‘பேரனாய்ட் ஆண்ட்ராய்ட்’ அப்போது பத்து நிமிடத்துக்கும் மேல், கடைசியில் நீளமான ஆர்கன் வாசிப்போடு இருந்தது. 1997-இல் வந்த ‘ஓகே கம்ப்யூட்டர்’ ஆல்பத்தில் அந்தப் பாட்டு ஆறரை நிமிடத்துக்குள் முடிகிறது. ஆர்கன் வாசிப்பைக் காணோம்.