தரவைக் கொடுக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

அரசியல் அறிவியலில் பிஎச்.டி. செய்கிறேன். ஊராட்சித் தலைவர்களாக வந்த பெண்கள் எந்த அளவுக்குத் தாங்களே முடிவெடுக்கிறார்கள் என்பது என் தலைப்பு. கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்து சேர்த்த தரவு. வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று என் கட்டுரையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் தரவையும் கணக்குப் போட்ட நிரலையும் பொதுவில் வைத்தால்தான் வெளியிடுவோம் என்கிறார்கள். “கொடுக்காதே, அதை வைத்து வேறு யாராவது நாலு கட்டுரை எழுதிவிடுவார்கள்” என்கிறார் என் கைடு. எனக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. அந்தப் பெண்கள் என்னை நம்பி, வீட்டுக்காரரைப் பற்றி, கட்சிக்காரர்களைப் பற்றியெல்லாம் பேசினார்கள். நான் என்ன செய்யட்டும்?

ம.

அன்புள்ள ம.,

கொடுங்கள். எதைக் கொடுப்பது, எதைப் பூட்டி வைப்பது என்பது தனிக் கேள்வி. உங்கள் இரண்டாவது பயம் நியாயமானது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஏன் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2014 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் லாஸ் ஏஞ்சலஸில் ஆய்வு மாணவராக இருந்த மைக்கேல் லகூரும் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கிரீனும். தன்பாலீர்ப்பாளர் ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்து இருபது நிமிடம் பேசினாலே ஓரினத் திருமணத்தை எதிர்த்த வாக்காளர்கள் மனம் மாறுகிறார்கள், அந்த மாற்றம் மாதக்கணக்கில் நிற்கிறது என்றது கட்டுரை. பிரசாரம் மனதை மாற்றுவது அபூர்வம் என்று நம்பிய துறை அது. அதனால் பெரிய பரபரப்பு.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்த டேவிட் புரூக்மேன், ஜோஷுவா கல்லா இருவருக்கும் அந்தக் கட்டுரை மிகவும் பிடித்துப்போனது. அதே முறையில் மயாமியில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். கேள்வித்தாளுக்குப் பதில் தந்தவர்களின் விகிதம் லகூர் சொன்னதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. சரி, நாம்தான் எதையோ தப்பாகச் செய்கிறோம் என்று நினைத்து, லகூருக்குக் கருத்துக்கணிப்பு நடத்திக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட நிறுவனத்தைக் கேட்டார்கள். அப்படி ஒரு வேலையே தங்களுக்குத் தெரியாது என்றது அந்த நிறுவனம்.

அப்புறம் தரவுக் கோப்பைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினர் மீது உங்களுக்கு எவ்வளவு நல்லெண்ணம் என்று 0 முதல் 100 வரை மதிப்பெண் கேட்பது இந்த ஆய்வுகளில் வழக்கம். மனிதர்கள் இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. பலர் யோசிக்காமல் 50 என்பார்கள், 0 என்றும் 100 என்றும் அடிப்பார்கள். போன மாதம் 70 சொன்னவர் இந்த மாதம் திடீரென்று 30 சொல்வார். இந்தக் கோப்பின் அடுத்தடுத்த சுற்றுகளில் அந்தக் கரடுமுரடே இல்லை. முதல் சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் ஒவ்வொருவரும் கொஞ்சமாக, கணக்காக நகர்ந்திருந்தார்கள். முதல் சுற்று எண்களின் பரவலோ, 2012-இல் நடந்த ஒரு தேசியக் கணிப்பின் பரவலோடு அப்படியே பொருந்தியது. இந்தக் கோப்பும் அந்தப் பழைய கணிப்பின் கோப்பும் கைக்குக் கிடைத்ததால்தான் இதைக் காண முடிந்தது.

யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த பீட்டர் அரோனோவும் சேர்ந்துகொள்ள, மூவரும் 2015 மே 19-இல் அறிக்கை வெளியிட்டார்கள். கிரீன் தானாகவே முன்வந்து கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னார். மே 28-இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. நிதி தந்தவர்கள் பற்றிச் சொன்னதும், பதில் தந்தவர்களுக்குக் கொடுத்த ஊக்கத்தொகை பற்றிச் சொன்னதும் உண்மையில்லை என்று லகூரே ஒப்புக்கொண்டார். மூலத் தரவு எங்கே என்று கேட்டதற்கு, பதில் சொன்னவர்களின் ரகசியம் காக்க அழித்துவிட்டேன் என்றார். அந்தரங்கம் என்ற நல்ல காரணம் இப்படியும் பயன்படும். அதனால்தான் உங்களைப் போல உண்மையாகவே கவலைப்படுகிறவர்கள், எதை மறைக்கிறோம், ஏன் மறைக்கிறோம் என்பதை எழுத்தில் வைத்துவிட வேண்டும் என்கிறேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து நடந்ததுதான். புரூக்மேனும் கல்லாவும் மயாமி ஆய்வை விடவில்லை. திருநர்கள் மீதான வெறுப்பைக் குறைக்கச் சுமார் பத்து நிமிட உரையாடல் உதவுகிறது, அந்த மாற்றம் மூன்று மாதமாவது நிற்கிறது என்று 2016 ஏப்ரலில் அதே ‘சயின்ஸ்’ இதழில் காட்டினார்கள். பேசுகிறவர் திருநராக இருக்க வேண்டும் என்பதில்லை என்பதும் தெரிந்தது. தரவையும் நிரலையும் பொதுவில் வைத்தார்கள். அந்தக் கட்டுரைக்குக் கிடைத்த நம்பிக்கையில் பாதி அதனால் வந்தது.

மோசடி அபூர்வம். கவனக்குறைவு அப்படியில்லை. அரசியல் அறிவியல் காலாண்டிதழ் ஒன்று, 2012 செப்டம்பர் முதல் தன்னிடம் வந்த 24 கட்டுரைகளின் நிரலைத் தானே ஓட்டிப் பார்த்தது. திருத்தமே தேவைப்படாதவை 4. கட்டுரையில் அச்சாகவிருந்த முடிவும் ஆசிரியரின் சொந்த நிரல் தந்த முடிவும் ஒத்துப்போகாதவை 14. அட்டவணையில் எண்ணைத் தவறாக எடுத்தெழுதினால், பழைய கணக்கின் எண் அப்படியே தங்கிவிட்டால் போதும், இப்படி ஆகிவிடும். இன்னொருவர் பார்க்கப்போகிறார் என்று தெரிந்தால் நாமே ஒருமுறை கூடுதலாகப் பார்ப்போம். முடிவை அடைந்த வழி முழுவதும் அடுத்தவர் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று ஹார்வர்டு அரசியல் அறிவியலாளர் கேரி கிங் 1995-இலேயே வாதிட்டார். ஹார்வர்டின் டேட்டாவெர்ஸ் என்ற பொதுக் களஞ்சியம் அவர் முன்னின்று கொண்டுவந்தது.

உங்கள் கைடிடம் இதைச் சொல்லுங்கள். பெரும்பாலான இதழ்கள் உங்கள் பீரோவையே காலி செய்யச் சொல்வதில்லை. அந்தக் கட்டுரையின் அட்டவணைகளை மறுபடி உருவாக்கத் தேவையான மாறிகள், அதாவது அந்தக் கணக்கில் பயன்பட்ட பதில்கள் மட்டும் போதும். மற்ற கேள்விகளுக்கான பதில்களை நீங்கள் எழுதி முடிக்கும்வரை வைத்துக்கொள்ளலாம். களஞ்சியத்தில் வைத்த தரவுக்குத் தனி அடையாள எண் உண்டு, எடுத்துப் பயன்படுத்துகிறவர் உங்கள் பெயரைச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் 1962 முதலான சட்டமன்ற, மக்களவைத் தேர்தல் முடிவுகளைச் சுத்தம் செய்து, அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் இலவசமாகக் கொடுக்கிறது. அதைப் பதிவிறக்காத தேர்தல் ஆய்வாளர் யாராவது உண்டா? அந்த உழைப்பை எடுத்துக்கொண்டு நம்முடையதை மட்டும் மறைப்பது சரியாகப் படவில்லை.

இனி அந்தப் பெண்கள். பெயரை நீக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஓர் ஊராட்சிக்கு ஒரே தலைவர். ஒன்றியத்தின் பெயர், சாதிப் பிரிவு, வயது மூன்றும் சேர்ந்தால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவரே ஆளைச் சொல்லிவிடுவார். ஊராட்சி, ஒன்றியப் பெயர்களை எடுத்துவிட்டு மாவட்டத்தோடு நிறுத்துங்கள். வயதைப் பத்துப் பத்து வருடமாகத் தொகுத்துவிடுங்கள். ஒரு மாவட்டத்தில் ஒரு பிரிவில் இரண்டு மூன்று பேர்தான் என்றால் அந்த மாவட்டத்தையும் இன்னொன்றோடு சேர்த்துவிடுங்கள். இதனால் கணக்கு கொஞ்சம் மாறினால் அதைக் குறிப்பில் சொல்லுங்கள்.

ஒலிப்பதிவுகளை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். பாஸ்டன் கல்லூரியின் பெல்ஃபாஸ்ட் திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வட அயர்லாந்து மோதலில் ஆயுதம் ஏந்தியவர்களிடம், நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வெளியே வராது என்று உறுதி சொல்லிப் பேட்டிகளைப் பதிவு செய்தார்கள். 2011-இல் பிரிட்டிஷ் தரப்பின் கோரிக்கையின் பேரில் அமெரிக்காவில் நீதிமன்ற ஆணை வந்தது. வழக்காடியும் பல பதிவுகள் போலீஸ் கைக்குப் போயின. உறுதிமொழியைக் காப்பாற்றும் சக்தி கல்லூரிக்கு இல்லை. அரசியல் அறிவியல் இதழ்கள் தரவுத் திறப்பைக் கட்டாயமாக்கக் கிளம்பியபோது, 2015-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிஞர்கள் அவசரப்படாதீர்கள் என்று கையெழுத்திட்டதில் இந்த மாதிரிக் கவலையும் உண்டு. அந்த விஷயத்தில் நான் அவர்கள் பக்கம்தான்.

ஆகவே இதழுக்கு இப்படி எழுதுங்கள்: கேள்வித்தாளின் பதில்கள் ஆள் அடையாளம் நீக்கித் தரப்படும், ஒலிப்பதிவும் அதன் எழுத்து வடிவமும் தரப்படாது, காரணம் இது. பெரும்பாலான இதழ்களில் இந்த விலக்குக்கு வழி உண்டு. ஒப்புதல் படிவத்தில் தரவைப் பகிர்வது பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், முடிந்தவரை அவர்களிடமே போன் செய்து கேளுங்கள். வேண்டாம் என்று சொல்கிறவர்களின் பதில்களைத் தரவிலிருந்து நீக்கிவிட்டு, எத்தனை பேரை நீக்கினீர்கள் என்பதையும் பதிவு செய்யுங்கள். பிறகு, இந்த ஆய்வைப் பற்றி எதுவும் தெரியாத நண்பர் ஒருவரின் கணினியில் கோப்பையும் நிரலையும் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். உங்கள் அட்டவணை அப்படியே வந்தால் அனுப்பிவிடலாம்.