வெள்ளைப் புகை உப்பல்ல

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். சொந்த ஊரில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டரில் எங்கள் தென்னந்தோப்பு. பக்கத்து ஆலையில் கடல்நீர்க் குளிரூட்டும் கோபுரம் வந்தபின் ஓலை நுனி கருகுகிறது. உப்பை ஒரே நாளில் அளந்து தர ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இப்படி வருகிறவர்கள் பையில் இருப்பது பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர் பார்க்கும் டிடிஎஸ் மீட்டர். காற்றில் வரும் உப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கோபுரத்தின் மேல் எழும் வெள்ளைப் புகையைப் படம் எடுத்துக் காட்டிப் பயமுறுத்துவார்கள். குன்னூர் பள்ளத்தாக்கில் காலையில் ஏறி வருமே, அதே மாதிரி மூட்டம்தான் அது. ஆவி குளிர்ந்த நல்ல தண்ணீர். உப்பைச் சுமப்பது கூடவே தெறித்து வரும் நுண்துளிகள். மணிக்கு 30,000 கன மீட்டர் நீர் சுற்றும் கோபுரத்தில் 0.001 சதவீதம் தப்பினாலே மணிக்கு 300 லிட்டர். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஆவியாக ஆக அது 50 கிராமுக்கு ஏறினால், மணிக்கு 15 கிலோ. துளித்தடுப்புத் தட்டு உடைந்திருந்தால் இன்னும் அதிகம்.

தோப்பில் அளக்க ஈரத்திரி போதும். குழாயில் சுற்றிய துணி, அதன் நுனி புட்டித் தண்ணீரில், மேலே மழை படாமல் ஒரு கூரை. சுமார் 30 நாள் வைத்துவிட்டு, திரியிலும் புட்டியிலும் சேர்ந்த குளோரைடை (உப்பின் முக்கியக் கூறு) ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் கடலும் உப்பு வீசும், ஐயா! கோபுரத்தில் ஓடுவதும் அதே கடல்நீர். 'குளோரைடு உள்ளது' என்ற அறிக்கையை ஆலை வக்கீல் ஒரே நிமிடத்தில் கிழித்துவிடுவார். அதனால் ஒரு திரி உங்கள் தோப்பில். இன்னொன்று கோபுரத்தின் காற்று எட்டாத, சில கிலோமீட்டர் தள்ளிய தோப்பில். கடலிலிருந்து அதே தூரம், அதே உயரம், அதே 30 நாள். ஆலை பராமரிப்புக்கு நிற்கும் மாதத்திலும் இரண்டையும் வையுங்கள். இரண்டாவது திரிக்குத்தான் எவரும் விலை சொல்வதில்லை. அது இல்லாமல் முதல் திரி வெறும் துணி. ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள். அடைமழை காற்றையும் ஓலையையும் கழுவிவிடும்.

கோபுரத்திலேயே தப்பும் துளிகளை அளந்த அறிக்கை இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேளுங்கள். சட்டப்படி 30 நாள். நான் ஒரு அலுவலகத்தில் கேட்டதற்கு ஐந்தாம் மாதம் பதில் வந்தது, புகைபோக்கியைப் பற்றி! கோபுரம் வேறு, புகைபோக்கி வேறு என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.